சினானிம்ஸ், குழப்புற வார்த்தைகள்: இங்கிலீஷ் வொக்கபுலரி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம், ஜிஆர்இன்னு படிக்கறவங்க, ஆபீஸ்ல ஒரு மெயில் அடிக்க அரை மணி நேரம் உக்காந்திருக்கறவங்க, தமிழ் மீடியம் முடிச்சுட்டு காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல முழிக்கறவங்க, எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். தனித்தனியா வாய்ஸ் நோட்டு அனுப்பறதவிட மொத்தமா எழுதி வெச்சா எல்லாருக்கும் உதவும்னு தோணுச்சு. கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். இங்கிலீஷ் வார்த்தைங்கள தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், ஸ்பெல்லிங்லதான் விஷயமே இருக்குன்னு வர்ற இடத்துல மட்டும் எழுத்தெழுத்தா சொல்றேன்.

சினானிம்னா ஒரே அர்த்தம்தானே? அப்ப ஒண்ணு தெரிஞ்சா போதாதா?

ஒரே அர்த்தம் இல்ல, பக்கத்து அர்த்தம். தமிழ்லயே பாருங்க, செத்துட்டான், இறந்துட்டார், காலமானார், இயற்கை எய்தினார், மண்டையப் போட்டான், எல்லாம் ஒரே சம்பவம்தான், ஆனா லீவ் லெட்டர்ல "தாத்தா மண்டையப் போட்டுட்டார்"னு யாராவது எழுதுவாங்களா? இது நமக்கு யாரும் சொல்லித்தரல, கேட்டுக்கேட்டே வந்துருச்சு.

இங்கிலீஷ்லயும் அதே கதைதான். டை சாதாரணம். பாஸ் அவே துக்க வீட்டுல மரியாதையா சொல்றது. பெரிஷ்னா வெள்ளம், தீ விபத்து மாதிரி கோரமா போறது, காய்கறி கெட்டுப்போறதுக்கும் அதான் வரும். சக்கம்னு ஒண்ணு இருக்கு, கடைசில இருக்கற பி சைலண்ட், போராடிப் பாத்து முடியாம போறது, அதனாலதான் பேப்பர்ல "சக்கம்டு டு இஞ்சுரீஸ்"னு போடறாங்க. ஒரு சினானிம் படிக்கும்போது எவ்ளோ ஸ்ட்ராங், எந்த இடத்துல பேசலாம், கூட எந்த வார்த்தையோட வரும், இந்த மூணையும் பாக்கணும். கீழ வர்ற பாதி பதில் இந்த மூணுலதான் நிக்குது.

இங்கிலீஷ்ல மட்டும் ஏன் ஒரு விஷயத்துக்கு இத்தன வார்த்தை?

இதுக்கு ஹிஸ்டரிதான் காரணம். 1066-ல நார்மண்டில இருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தப் புடிச்சாரு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அரண்மனை, கோர்ட்டு, பெரிய மனுஷங்க வீடு எல்லாம் பிரெஞ்சு, சர்ச்சும் படிப்பும் லத்தீன், வயல்ல வேலை செஞ்ச ஜனங்க மட்டும் பழைய இங்கிலீஷ். மூணும் கலந்ததுல ஒரே விஷயத்துக்கு மூணு அடுக்கு வந்துருச்சு: ஆஸ்க், கொஸ்டின், இன்ட்டெராகேட். கிங்லி, ராயல், ரீகல். ரைஸ், மவுண்ட், அசெண்ட். முதல்ல இருக்கறது ஊர் ஜனங்க வார்த்தை, ரெண்டாவது பிரெஞ்சு வழியா வந்தது, மூணாவது லத்தீன்.

இது சும்மா கதைக்காக சொல்லல, யூஸ் இருக்கு. சின்ன வார்த்தையா இருந்தா பெரும்பாலும் பேச்சுக்கு ஒட்டும், நீளமான லத்தீன் வார்த்தைன்னா ஃபார்மல், சில சமயம் கொஞ்சம் விறைப்பு. ஃப்ரெண்ட்ட "ஆஸ்க்" பண்ணலாம், "இன்ட்டெராகேட்" பண்றது போலீஸ். சாப்பாட்டுலயும் இந்த அடுக்கு தெரியும், உயிரோட இருக்கறப்ப கௌ, பிக், ஷீப், தட்டுக்கு வந்தா பீஃப், போர்க், மட்டன், தட்டுல இருக்கற பேர் மூணுமே பிரெஞ்சுல இருந்து வந்தது. மட்டன்னா அங்க செம்மறி, நம்ம ஊர்ல அந்தப் பேர்ல பெரும்பாலும் வெள்ளாடு.

எத்தன வார்த்தை தெரிஞ்சா அட்வான்ஸ்டுன்னு சொல்லிக்கலாம்?

வார்த்தையா எண்ணாம குடும்பமா எண்ணுவாங்க, டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேந்து ஒரு குடும்பம். மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர், டாக்கால வங்காளப் பசங்களுக்கு இங்கிலீஷ் எப்படி சொல்லித்தர்றதுன்னு வருஷக்கணக்கா வேலை பாத்தவர், 1953-ல அடிப்படை வார்த்தைங்க கிட்டத்தட்ட 2000-த்த லிஸ்ட்டா வெளியிட்டாரு. அதுக்கு மேல காலேஜ் புக்ஸ்ல எல்லா சப்ஜெக்ட்லயும் வர்ற 570 குடும்பத்த நியூசிலாந்துல ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல தொகுத்தாங்க. நாவல், பேப்பர் எல்லாம் டிக்ஷனரி இல்லாம ஓரளவு தடங்கல் இல்லாம படிக்க 8000-ல இருந்து 9000 குடும்பம் வேணும்னு பால் நேஷன் 2006-ல கணக்கு சொன்னாரு.

நிறைய பேர் 2000-த்துலயே ஓட்டையோட ஜிஆர்இ லிஸ்ட்டுக்குத் தாவறாங்க. அப்சீக்வியஸ் (ஓவரா குழையறது) தெரியும், ஆனா ஹவ்எவருக்கும் தேர்ஃபோருக்கும் வித்தியாசம் கேட்டா திணறுவாங்க. முதல்ல அந்த 570-அ முடிங்க. அதிகமா அலட்சியப்படுத்தற, அதிகமா பலன் தர்ற லிஸ்ட் அதுதான்னு நான் நினைக்கறேன்.

ஒரு நாளைக்கு எத்தன படிக்கணும்?

அஞ்சுல இருந்து பத்து. அதுக்கு மேல போனா புதுசு ஏறுதே தவிர பழசு ரிவைஸ் பண்ண நேரம் இருக்காது, அடுத்த கேள்வி தானா வரும்.

படிச்சது மூணே நாள்ல மறந்துடுது அண்ணா, எனக்கு மெமரி கம்மியா?

மெமரிக்கு ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி, எவ்ளோ நேரத்துல எவ்ளோ மறக்குதுன்னு அளந்து 1885-லயே வெளியிட்டாரு. முதல் சில மணி நேரத்துல மளமளன்னு மறக்கும், அப்புறம் மறக்கற வேகம் குறையும். அதனால மறக்கற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பப் பாக்கணும்: மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு இடைவெளிய நீட்டிக்கிட்டே போங்க.

இதையே லைட்னர்னு ஒருத்தர் 1972-ல அட்டைப்பெட்டி முறையா சொன்னாரு. செருப்புப் பெட்டிய அஞ்சா தடுத்துக்கோங்க, சரியா சொன்ன கார்டு அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பா சொன்னது முதல் தடுப்புக்கே திரும்ப வந்துரும், முதல் தடுப்ப தினமும் பாக்கணும், பின்னாடி இருக்கறத எப்பவாவது பாத்தா போதும். போன்ல பண்ணணும்னா ஆன்கி ஆப் கிட்டத்தட்ட இதே வேலைய பண்ணும். ஆனா ஒண்ணு, கார்டு முன்பக்கம் வெறும் வார்த்தைய எழுதாதீங்க, கோடிட்ட இடம் விட்டு ஒரு சென்டென்ஸ் எழுதுங்க. திருப்பறதுக்கு முன்னாடி வாய்விட்டு பதில் சொல்லிடணும், சொல்லாம திருப்பிப் பாத்துட்டு "ஆமா எனக்குத் தெரியும்"னு நினைக்கறதுலதான் முக்காவாசி பேர் ஏமாந்து போறாங்க.

லிஸ்ட்ல ஹேப்பி, கிளாட், ஜூபிலண்ட், எக்ஸ்டாட்டிக்னு ஈக்வல் போட்டு இருக்கு. அப்படியே மனப்பாடம் பண்ணலாமா?

பண்ணாதீங்க. அந்த ஈக்வல் சைனதான் முதல்ல அழிக்கணும். கிளாட்ல இருந்து எக்ஸ்டாட்டிக் வரைக்கும் எவ்ளோ தூரம்! கிளாட்னா "பஸ் கிடைச்சுது, நல்லதாப் போச்சு" அளவு, எக்ஸ்டாட்டிக்னா தலைகால் புரியல, ஜூபிலண்ட்னா ஜெயிச்ச கூட்டம் ஆட்டம் போடறது.

ஒரு செட்ட கிட்ட இருந்து பாப்போம், "பாக்கறது"ன்னு எடுத்துக்கோங்க. க்ளான்ஸ்னா சட்டுன்னு ஒரு பார்வை பாத்துட்டு திரும்பிக்கறது. ஸ்டேர்னா வெறிச்சுப் பாக்கறது, க்ளேர்னா முறைக்கறது. ஜி-ஏ-இசட்-இன்னு எழுதற கேஸ் இருக்கே அது கண்ணெடுக்காம லயிச்சுப் பாக்கறது, கடலயோ குழந்தையையோ. பீப்னா ஒளிஞ்சு எட்டிப் பாக்கறது. ஸ்க்விண்ட்னா வெயில்ல கண்ண இடுக்கிப் பாக்கறது. க்ளிம்ப்ஸ் கொஞ்சம் வேற, நாம வேணும்னு பாக்கல, ஒரு நொடி கண்ணுல பட்டுது அவ்ளோதான், தேர் திரும்பறப்ப கூட்டத்துக்கு நடுவுல சாமி முகம் தெரிஞ்ச மாதிரி, அதனாலதான் "காட் எ க்ளிம்ப்ஸ்"னு கேட்சோட வரும். பாருங்க, முறைக்கறதுக்கும் வெறிக்கறதுக்கும் வித்தியாசம் நமக்கு ஏற்கனவே நல்லாத் தெரியும், இங்கிலீஷ் பேர் மட்டும்தான் புதுசு. ஒரு செட்டுக்கு இப்படி ஒரு சாயங்காலம் செலவு பண்ணா வருஷக்கணக்குல நிக்கும்.

தமிழ் அர்த்தம் எழுதி வெச்சுப் படிச்சா தப்பா? சார் திட்டறாரு.

தப்பே இல்ல. மேல பாத்த செட்டே தமிழ் வெச்சுதான் புரிஞ்சுது. ஒரு தமிழ் வார்த்தைக்குள்ள ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை அடங்கற இடத்துல மட்டும் உஷாரா இருக்கணும். என்வி, ஜெலஸி ரெண்டுக்கும் பொறாமைன்னு எழுதிட்டா போச்சு. அவன்கிட்ட பைக் இருக்கு என்கிட்ட இல்லயேங்கறது என்வி, என்கிட்ட இருக்கறத யாராவது தட்டிட்டுப் போயிருவாங்களோங்கற பயம் கலந்தது ஜெலஸி. பேச்சுல ரெண்டயும் கலந்துதான் பேசறாங்க, எக்ஸாம்லயும் நல்ல எழுத்துலயும் பிரிச்சுப் பாப்பாங்க. பாரோ, லெண்ட் அதே கேஸ்தான், ரெண்டுக்கும் "கடன்"னு மட்டும் எழுதாம "கடன் வாங்கறது", "கடன் குடுக்கறது"ன்னு முழுசா எழுதுங்க, குழப்பமே வராது.

ஒல்லியா இருக்கறவங்கள ஸ்லிம், தின், ஸ்கின்னி எப்படி வேணா சொல்லலாமா?

சொன்னா அடி விழலாம். ஸ்லிம், ஸ்லெண்டர் ரெண்டும் பாராட்டு. தின் சும்மா தகவல். ஸ்கின்னி, ஸ்க்ராவ்னி ரெண்டும் எலும்பும் தோலுமாங்கற மாதிரி. லீன்னா கொழுப்பு இல்லாம முறுக்கா இருக்கறது. லாங்க்கினா நெட்டையா ஒடிசலா. கான்ட், ஜி-ஏ-யூ-என்-டி, நோய்லயோ கவலைலயோ கன்னம் ஒட்டிப்போன முகம். எமேசியேட்டடுன்னா பட்டினில வத்திப்போனது, பஞ்சத்துப் படங்கள்ல பாக்கறோமே அது.

இதத்தான் கனோட்டேஷன்னு சொல்வாங்க. ஒரே ஆள நமக்குப் புடிச்சா த்ரிஃப்டி, புடிக்கலன்னா ஸ்டிஞ்சி. சிக்கனம்னு சொல்றதா கஞ்சத்தனம்னு சொல்றதாங்கறது சொல்றவர் மனசப் பொறுத்தது இல்லையா, அதே மாதிரிதான். பேசேஜ் குடுத்து "ஆத்தரோட டோன் என்ன"ன்னு கேக்கற கேள்விக்கெல்லாம் விடை இந்த மாதிரி வார்த்தைலதான் ஒளிஞ்சிருக்கும், ஆத்தர் ஃப்ரூகல்னு எழுதியிருக்காரா மைசர்லின்னு எழுதியிருக்காரான்னு பாருங்க.

அஃபெக்ட், எஃபெக்ட் எத்தன தடவ படிச்சாலும் குழம்புது.

ஏ-ல ஆரம்பிக்கற அஃபெக்ட் வெர்ப், பாதிக்கறது. இ-ல ஆரம்பிக்கற எஃபெக்ட் நவுன், விளைவு. மழை டிராஃபிக்க அஃபெக்ட் பண்ணுச்சு, டிராஃபிக் மேல மழையோட எஃபெக்ட் தெரிஞ்சுது. பெரும்பாலான இடத்துல இது போதும்.

மிச்ச இடத்துலதான் எக்ஸாம் செட் பண்றவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இ-ல ஆரம்பிக்கறதும் வெர்பா வரும், "நடத்திக்காட்டறது, கொண்டுவர்றது"ன்னு அர்த்தம், புது கவர்மெண்ட் ஒரு மாற்றத்தக் கொண்டுவந்தா அது இ போட்ட எஃபெக்ட். ஏற்கனவே நடக்கற மாற்றத்துக்கு இடைஞ்சல் பண்ணா ஏ போட்ட அஃபெக்ட். ஒரே எழுத்துல அர்த்தம் தலைகீழ். அஃபெக்டுக்கு "பாசாங்கு பண்றது"ன்னும் ஒண்ணு இருக்கு, ஃபாரின் போயிட்டு வந்தவர் வேணும்னே ஆக்சென்ட் போட்டுப் பேசினா அது "அஃபெக்டட் ஆக்சென்ட்".

அட்வைஸ்ல சி வருமா எஸ் வருமா?

சி போட்டா நவுன், அறிவுரை. எஸ் போட்டா வெர்ப், அறிவுரை சொல்றது. ஆனா உண்மையான பிரச்சினை ஸ்பெல்லிங்ல இல்ல, காதுல இருக்கு. நவுன்ல வர்றது எஸ் சத்தம், வெர்ப்ல வர்றது இசட் சத்தம். தமிழ்ல இசட் சத்தம் கிடையாது, அதனால நமக்கு ரெண்டும் ஒண்ணாவே கேக்குது, ஒண்ணா கேக்கறதால ஒண்ணா எழுதறோம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா ஒரு கூட்டமே தெளிவாயிரும்: டிவைஸ் கருவின்னா எஸ் சத்தம், டிவைஸ் திட்டம் போடறதுன்னா இசட் சத்தம். விலைங்கற பிரைஸ் எஸ், பரிசுங்கற பிரைஸ் இசட். தளர்வா இருக்கற லூஸ் ரெண்டு ஓ, எஸ் சத்தம். தொலைக்கற லூஸ் ஒரே ஓ, இசட் சத்தம். இசட்ட தேனீ சத்தம் மாதிரி இழுத்து, தொண்டைல கை வெச்சுப் பாருங்க, அதிரும். எஸ்ஸுக்கு அதிராது.

ப்ராக்டிஸ் மட்டும் இதுல சேராது, சத்தம் ஒண்ணுதான். பிரிட்டிஷ் முறைல சி போட்டா நவுன், எஸ் போட்டா வெர்ப். அமெரிக்கால ரெண்டுக்கும் சி. லைசென்ஸும் பிரிட்டிஷ்ல அதே மாதிரி, ஆனா அமெரிக்கால ரெண்டுக்கும் எஸ்.

சத்தம் அச்சு அசல் ஒண்ணா இருக்கறது எல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? பிரின்சிபல், ஸ்டேஷனரி அந்த மாதிரி.

இதுக்கு காது உதவாது, கை பழகணும். பிரின்சிபல் கடைசில ஏ-எல் வந்தா காலேஜ் பிரின்சிபல், முக்கியமான, அப்புறம் லோன்ல வட்டி போக இருக்கற அசல். எல்-இ வந்தா கொள்கை. ஸ்டேஷனரில இ வந்தா பேப்பர் பேனா, என்வலப்போட இ-ன்னு வெச்சுக்கோங்க. ஏ வந்தா நகராம நிக்கறது. காம்ப்ளிமெண்ட்ல நடுவுல ஐ வந்தா பாராட்டு, இ வந்தா ஒண்ண முழுமையாக்கறது, கம்ப்ளீட்டோட இ. டிஸ்க்ரீட்ல ரெண்டு இ-யும் ஒட்டி இருந்தா விஷயத்த வெளிய விடாம பக்குவமா நடந்துக்கறவர், ரெண்டு இ-க்கும் நடுவுல டி வந்து பிரிச்சா தனித்தனியா இருக்கறது. இன்ஜினியரிங் பசங்க டிஸ்க்ரீட் மேத்ஸ்னு படிக்கறது அந்தப் பிரிஞ்ச டிஸ்க்ரீட்தான்.

இம்ப்ளை, இன்ஃபர் ரெண்டும் ஒண்ணா? டிஸ்இன்ட்ரஸ்டட், அன்இன்ட்ரஸ்டட்?

யார் பண்றாங்கன்னு பாருங்க. பேசறவர் இம்ப்ளை பண்றாரு, அதாவது நேரா சொல்லாம உணர்த்தறாரு. கேக்கறவர் இன்ஃபர் பண்றாரு, அதாவது ஊகிச்சுக்கறாரு. "வீட்ல எல்லாரும் சாப்ட்டாச்சு"ன்னு அத்தை சொன்னா உனக்கு சோறு இல்லன்னு அவங்க இம்ப்ளை பண்றாங்க, நாம கிளம்பணும்னு நாம இன்ஃபர் பண்றோம்.

டிஸ்இன்ட்ரஸ்டட்னா சொந்த லாபம் இல்லாத, பாரபட்சம் இல்லாத. அன்இன்ட்ரஸ்டட்னா ஆர்வமே இல்லாத. கேஸ் கேக்கற ஜட்ஜ் முதல் மாதிரி இருக்கணும், ரெண்டாவது மாதிரி இருந்தா நம்ம கதி என்ன ஆகறது.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல், எக்கனாமிக், எக்கனாமிக்கல்... கடைசில அல் சேத்தா என்ன மாறுது?

ஒரே ரூல் கிடையாது, ஜோடி ஜோடியாத்தான் படிக்கணும். 1947 ஆகஸ்ட் 15 ஹிஸ்டாரிக், வரலாற்றுல பேர் சொல்ற நாள். பழங்காலத்துல நடக்கற கதை ஹிஸ்டாரிக்கல் நாவல். 1991-ல வந்தது எக்கனாமிக் ரிஃபார்ம்ஸ், மைலேஜ் நல்லா தர்ற வண்டி எக்கனாமிக்கல். 2004-ல தமிழுக்கு மத்திய அரசு குடுத்தது கிளாசிக்கல் லாங்குவேஜ் அந்தஸ்து, செம்மொழி. கிளாசிக்னா காலம் தாண்டி நிக்கற உயர்ந்த படைப்பு, இல்லன்னா "இதுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடையாது"ங்கற மாதிரி, கிளாசிக் மிஸ்டேக்னு சொல்றோமே.

ரூட் வேர்ட்ஸ் படிச்சா எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் கண்டுபுடிச்சிடலாம்னு ஒரு வீடியோல சொன்னாங்க, உண்மையா?

பாதி உண்மை. லத்தீன்ல லாக்வின்னா பேசறது, அது தெரிஞ்சா லொக்வேஷஸ், எலக்வெண்ட், கலோக்வியல், சொலிலக்வி, வெண்ட்ரிலக்விஸ்ட் எல்லாம் ஒரே கயித்துல வந்துரும். ஆனா லொக்வேஷஸுக்குப் பக்கத்துல நிக்கற காருலஸ் வேற ரூட், வெர்போஸ் வேற ரூட். லொக்வேஷஸ் நிறைய பேசறவர், காருலஸ் தேவையில்லாததப் பத்தி வளவளன்னு பேசறவர், வெர்போஸ் ஒரு வரில சொல்ல வேண்டியத ஒரு பக்கம் இழுக்கறது. ரூட் குடும்பத்தக் காட்டும், குணத்தக் காட்டாது.

ரூட்ட நம்பி விழற குழியும் நிறைய. நாய்சம்ல சத்தம் கிடையாது, நாத்தம்னு அர்த்தம். எனர்வேட் எனர்ஜி குடுக்காது, உறிஞ்சிரும். ரெஸ்டிவ்னா ரெஸ்ட் எடுக்கறது இல்ல, நிலைகொள்ளாம தவிக்கறது. பிமியூஸ்டுன்னா சிரிச்சது இல்ல, குழம்பினது. மெரிட்ரிஷஸ்ல மெரிட் இல்ல, வெளிய பளபளப்பு உள்ள ஒண்ணுமில்ல. இன் போட்டா எதிர்ப்பதம்னு நினைச்சா அதுவும் மாட்டிவிடும், இன்வேல்யுவபிள்னா விலைமதிக்க முடியாதது, இன்ஃபேமஸ்னா கெட்ட பேர் எடுத்தது. பெட்ரோல் டேங்கர் லாரில "ஹைலி இன்ஃப்ளேமபிள்"னு எழுதியிருக்கும் பாருங்க, அது நல்லா தீப்புடிக்கும்னுதான் அர்த்தம். தீப்புடிக்காதுன்னு தப்பா புரிஞ்சுக்கறது உயிருக்கே ஆபத்துங்கறதாலதான் இப்ப நிறைய இடத்துல ஃப்ளேமபிள்னே போடறாங்க. ரூட்ட வெச்சு ஊகிங்க, அப்புறம் டிக்ஷனரில உறுதி பண்ணிக்கோங்க.

ஆபீஸ்ல நான் எழுதறத வெள்ளைக்கார க்ளையண்ட் தப்பா புரிஞ்சுக்கறாரு. எந்த வார்த்தையெல்லாம் பாத்து எழுதணும்?

"ஐ பாஸ்டு அவுட் இன் 2019"னா நமக்கு டிகிரி முடிச்சது, அமெரிக்கக்காரருக்கு மயக்கம் போட்டு விழுந்தது. கிராஜுவேட்டட்னு எழுதிருங்க. ரிவர்ட்னா நாம பதில் போடறதுன்னு வெச்சிருக்கோம், வெளிய பழைய நிலைக்குத் திரும்பறதுன்னு எடுத்துக்குவாங்க. ஐ ஹேவ் எ டவுட்னா அவங்களுக்கு சந்தேகப்படற மாதிரி, நம்பாத மாதிரி கேக்கும், கொஸ்டின்னு சொல்லுங்க. ப்ரீபோன் நம்ம ஊர் சரக்கு, ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரிலயே இருக்கு, ரொம்ப அழகான வார்த்தை, ஆனா எதிர்ல இருக்கறவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே. மேட்ரிமோனில போடற ஹோம்லி இருக்கே, அமெரிக்கால அதுக்கு பாக்க லட்சணமா இல்லன்னு அர்த்தம்.

அவங்களுக்குள்ளயே சண்டை வர்ற வார்த்தையும் இருக்கு. மீட்டிங்ல ஒரு விஷயத்த "டேபிள்" பண்ணலாம்னா லண்டன்ல இப்பவே பேசலாம்னு, அமெரிக்கால இப்ப வேணாம் தள்ளிப்போடுன்னு. க்ளையண்ட் எந்த ஊர்னு பாத்துட்டு எழுதுங்க, முடிஞ்சா அந்த வார்த்தையே வேணாம். டிஸ்கஸ் அபவுட், கோப் அப் வித் ரெண்டும் எந்த ஊர்லயும் செல்லாது, டிஸ்கஸ், கோப் வித் அவ்ளோதான். எரர் ஸ்பாட்டிங்ல இத விடாம கேப்பாங்க.

சினானிம் லிஸ்ட்ல அவுட்காஸ்டுக்கு "பரையா"ன்னு போட்டிருக்கு. அது நம்ம வார்த்தையா?

ஆமா. பறையர்ங்கற சாதிப் பேர்ல இருந்து ஐரோப்பியர்கள் எடுத்துட்டுப் போய் "ஒதுக்கி வெக்கப்பட்டவன்"னு ஆக்கிட்டாங்க. உலகம் பூரா பேப்பர்ல சாதாரணமா எழுதறாங்க, எழுதறவங்க பலருக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது. நமக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து படிக்கற ஒருத்தரோட சமூகப் பேர வசவாக்கி வெச்சிருக்கற வார்த்தை அது. கேள்வில வந்தா அடையாளம் கண்டு டிக் பண்ணுங்க, நீங்க எழுதறப்ப அவுட்காஸ்டுன்னு எழுதுங்க, பேசவும் வேணாம். கட்டுமரம் கேட்டமரன் ஆனதும், சுருட்டு ஷெரூட் ஆனதும், மிளகுத்தண்ணி முல்லிகட்டானி ஆனதும் சந்தோஷமா சொல்லிக்கலாம், இது அந்த வரிசைல சேராது.

எஸ்எஸ்சி, பேங்க், ஜிஆர்இ மூணுக்கும் ஒரே மாதிரி படிச்சா போதுமா?

போதாது. எஸ்எஸ்சி சிஜிஎல் டயர் 1-ல இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். அங்க நேரடியாவே சினானிம், ஆண்டனிம் (எதிர்ப்பதம்), ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன் கேப்பாங்க, பழைய கேள்வித்தாள் போட்டுப் பாத்தா நல்ல பலன் இருக்கும். ஐபிபிஎஸ் பிஓ ப்ரிலிம்ஸ்ல இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிஷம், தப்புக்கு கால் மார்க். அங்க வார்த்தைய இடம் மாத்திப் போடறது, க்ளோஸ் டெஸ்ட் (ஒரு பத்தில விட்ட இடங்கள நிரப்பறது), ஃபில்லர் (ஒரு வாக்கியத்துல கோடிட்ட இடம்)னு சென்டென்ஸ் வழியாத்தான் வரும், அதனால கூட எந்த வார்த்தை வரும்ங்கறது தெரியாம லிஸ்ட் மட்டும் படிச்சவங்க அங்க தடுமாறுவாங்க.

ஜிஆர்இ 2011 ஆகஸ்ட்ல ஆண்டனிமையும் அனாலஜியையும் தூக்கிட்டாங்க, பழைய புத்தகக் கடைல கிடைக்கற அதுக்கு முந்தின கைடு வாங்கி அந்தப் பகுதிய உருப்போடாதீங்க. இப்ப சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்னு வருது, ஆறு ஆப்ஷன்ல ரெண்டு எடுக்கணும், ரெண்டயும் தனித்தனியா போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரணும், ஒண்ணு மட்டும் சரின்னா மார்க் கிடையாது. இதுல சினானிம் ஜோடி மாதிரி தெரியற ரெண்டு வார்த்தைய வெச்சு ஏமாத்துவாங்க, வாக்கியத்துக்கே ஒட்டாது. முதல்ல வாக்கியத்தப் படிச்சு உங்க சொந்த வார்த்தை ஒண்ணு, தமிழா இருந்தாலும் பரவால்ல, போட்டுட்டு அப்புறம் ஆப்ஷனப் பாருங்க.

தெசாரஸ் பாத்து சின்ன வார்த்தைய எல்லாம் பெரிய வார்த்தையா மாத்திட்டா எஸ்ஸே ரிச்சா இருக்குமா?

கெட்டுப்போகும். ரோஜே 1852-ல தன் தெசாரஸ வெளியிட்டப்ப, அவர் ஒரு டாக்டர், வார்த்தைங்கள கருத்து வாரியா அடுக்கினாரு, மனசுல நிக்கற ஆனா நாக்குக்கு வராத வார்த்தையத் தேடிப் புடிக்கறதுக்கு. நம்ம கிட்ட திவாகரம், பிங்கலம், சூடாமணின்னு நிகண்டுங்க அதுக்கு எவ்ளோ முன்னாடியே இருந்துச்சு, திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க சூடாமணி நிகண்ட செய்யுளா பாடிப்பாடியே மனப்பாடம் பண்ணாங்க. தெரிஞ்ச வார்த்தைய தேடி எடுக்க தெசாரஸ் அருமையான கருவி, தெரியாத வார்த்தைய அதுல இருந்து எடுத்து ஒட்டக்கூடாது.

ஏன்னா வார்த்தைக்கு ஜோடி இருக்கு. டீ ஸ்ட்ராங், இன்ஜின் பவர்ஃபுல். மாத்திப் போட்டு பவர்ஃபுல் டீன்னா சிரிப்பாங்க. மழை ஹெவி, காத்து ஸ்ட்ராங். மிஸ்டேக்க மேக் பண்ணணும், ஹோம்வொர்க்க டூ பண்ணணும். இதுக்கு காரணம் கேக்காதீங்க, தமிழ்ல சத்தியம் "பண்றோம்", சபதம் "எடுக்கறோம்", அதுக்கு என்ன காரணம்? ஒரு வார்த்தைய நோட்டுல எழுதினா அதோட ஜோடியயும் சேத்து எழுதுங்க. இது ஒண்ணுதான் நான் யாரப் பாத்தாலும் கெஞ்சிக் கேக்கறது.

படிச்சா புரியுது, பேசவோ எழுதவோ வர மாட்டேங்குது.

எல்லாருக்கும் புரியற வார்த்தை பெருசாவும் பேசற வார்த்தை சின்னதாவும்தான் இருக்கும், தமிழ்லயும்தான். அந்த வாரம் படிச்சதுல மூணே வார்த்தைய எடுத்து நெஜமா அனுப்பப்போற மெயில்லயோ, நாலு வரி டைரிலயோ போடுங்க. யூஸ் பண்ணப்ப இடிக்குதுன்னா ஜோடி தப்புன்னு அர்த்தம், மேல சொன்ன பதிலுக்குப் போங்க.

லிட்டரலிக்கு டிக்ஷனரிலயே "லிட்டரலி இல்லாத" அர்த்தமும் போட்டிருக்காங்க. எல்லாரும் தப்பா பேசினா அது சரியாயிருமா? அப்ப நாங்க எதப் படிக்கறது?

நல்ல கேள்வி. லிட்டரலின்னா "சொன்னபடியே, நெஜமாவே"ன்னு அர்த்தம், இப்ப சும்மா அழுத்தத்துக்கும் போடறாங்க. டிக்ஷனரி சட்டப்புத்தகம் இல்ல, ஜனங்க எப்படிப் பேசறாங்கன்னு பதிவு பண்றது. நைஸ்ங்கற வார்த்தை இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப முட்டாள்னு அர்த்தம், "ஒண்ணும் தெரியாத"ங்கற லத்தீன் வார்த்தைல இருந்து வந்தது. ஆஃபுல் ஒரு காலத்துல பக்தியோட பயப்பட வெக்கறது, இன்னிக்கு மட்டமானது. இதெல்லாம் மாறி முடிஞ்சுபோனது, யாரும் சண்டை போடறதில்ல.

சிக்கல் பாதி மாறி நிக்கற வார்த்தைங்கள்லதான். எனார்மிட்டின்னா பழைய கணக்குல கொடூரம், ஒரு படுகொலையோட எனார்மிட்டி. இப்ப நிறைய பேர் பிரம்மாண்டம்னு எழுதறாங்க. ஃபுல்சம் ப்ரைஸ்னா வாய் நிறைய பாராட்டுன்னு நினைச்சுப் பேசறாங்க, பழசு தெரிஞ்சவருக்கு அது திகட்டற, போலியான புகழ்ச்சி. மேல பாத்த டிஸ்இன்ட்ரஸ்டடும் இந்த லிஸ்ட்தான். எக்ஸாம்ல பழைய அர்த்தத்தையே டிக் பண்ணுங்க, கேள்வி எடுக்கறவங்க அதத்தான் எதிர்பாப்பாங்க. படிக்கறப்ப ரெண்டு அர்த்தத்தையும் மனசுல வெச்சுட்டு எது பொருந்துதுன்னு பாருங்க. நீங்க எழுதறப்ப மட்டும் இந்த மாதிரி வார்த்தைங்க பக்கமே போகாம ஸைஸ்னு சொல்ல வந்தா ஸைஸ்னே எழுதிருங்க, ரெண்டு தரப்புல யார் படிச்சாலும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.